ஸ்குருவுக்கு ஒரு சொட்டுப் பசை

மார்ச் 3, செவ்வாய்

கடையில் இன்று மூச்சுவிட நேரமில்லை. மூக்குக்கண்ணாடி பிரேமுக்கு லென்ஸ் வெட்டிப் பொருத்திப் பொருத்தி முதுகு விட்டுப்போயிற்று. ‘ஒரு டீ குடிச்சிட்டு வேலையப் பாரும்மா’ என்று முதலாளி வாயால்கூடச் சொல்லவில்லை. கஞ்சமகாபிரபு. சொன்னால் டீக்குக் காசு கொடுக்க வேண்டுமே!

வீட்டுக்கு வந்தால் தங்கச்சி படுத்தபடியே குதிரை ஓட்டிக்கொண்டிருந்தாள். டிவி திரையில்தான். தங்கச்சி மாப்பிள்ளை கப்பல் வேலைக்குப் போகும்போது தன்னுடைய கேம் கன்சோலை அவளிடம் விட்டுப் போனார். பெரிய மலை, ஆறு, யாருமில்லாத ஊர்கள். அவள் குதிரை ஏறி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகிறாள். யாரையும் வெட்டுவதில்லை, சுடுவதில்லை. வெறுமனே போகிறாள்.

“நான் படுத்திருக்கேன்க்கா, என் குதிரைதான் ஓடுது” என்றாள்.

இவள் கூரியர் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். அவளைப் பிரசவம்வரை படுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கருப்பை வாயில் தையல் போட்டிருக்கிறது. இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இந்த முறையாவது தங்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அந்தக் கன்சோலைக் கண்டுபிடித்தவன் எவனோ, நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 6, வெள்ளி

குதிரை பாலத்தின் நடுவே அப்படியே நின்றுவிட்டது. திரை உறைந்துபோய், அணைத்துப் போட்ட பிறகுதான் நகர்ந்தது. பெட்டிக்குள் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். சரியில்லை.

மார்ச் 10, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமா பார்க்கிறேன்.

கதவைத் திறந்தேன். கட்டில் காலி. போர்வை கீழே கிடந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. “ஏய்! எங்கடீ இருக்க?” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் சமையலறையில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சாவகாசமாக!

“பொட்டி திரும்ப அதே பாலத்துல நின்னுபோச்சுக்கா. எவ்ளோ நேரம்தான் கூரையைப் பாத்துக்கிட்டே கெடக்கறது? ரெண்டு தட்டுதானே...”

என் வாயில் என்னென்ன வந்ததோ. அறிவிருக்கா என்றேன். உனக்கு இந்தப் பிள்ளை வேணுமா வேண்டாமா என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்தாள். நான் மீதித் தட்டைக் கழுவினேன். அழுதுகொண்டேதான் கழுவினேன்.

ஒன்றும் ஆகவில்லை. டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். வலி இல்லை, ரத்தம் இல்லை என்றால் பயப்பட வேண்டாம் என்றார். ஒன்றும் ஆகவில்லை. கடவுளே, ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 14, சனி

பழுது பார்க்கும் கடையில் கேட்டேன். உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் சாகப் போகிறதாம். புதுசு போட்டால் பெட்டி முன்பைவிட வேகமாக ஓடுமாம், இடமும் இரண்டு மடங்காம். ஆனால் பெட்டியை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வர பத்து நாள் ஆகுமாம். பத்து நாளா! அதற்குள் இவள் வீட்டுக்கு வெள்ளையே அடித்துவிடுவாள்.

நானே மாற்றப் போகிறேன். டிஸ்க் வாங்கியாயிற்று. வீடியோவும் பார்த்தாயிற்று. மூடியைத் தள்ளு, ஒரு ஸ்குருவைக் கழற்று, டிஸ்க் உட்கார்ந்திருக்கும் தட்டை வெளியே இழு, நாலு ஸ்குருவைக் கழற்றிப் புதுசை வை. இவ்வளவுதான். அரிசியைவிடச் சின்ன ஸ்குருவோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள் நான். என் கை போட்ட ஸ்குரு கழன்றதாக இதுவரை ஒரு ஆள் கடைக்குத் திரும்பி வந்ததில்லை.

அவள் இதுவரை விளையாடிய கணக்கையெல்லாம் இன்று பென்டிரைவில் ஏற்றி வைத்துவிட்டோம். “இது போச்சுன்னா குதிரை மொதல்லேருந்து நடக்கணும்” என்றாள். பத்திரமாக அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

நான் ஒரு முட்டாள். வடிகட்டின முட்டாள்.

காலையில் ஜம்பமாக உட்கார்ந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் மேஜையை இழுத்துப் போட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த ஸ்குருடிரைவர்களை வரிசையாக அடுக்கி, ஆபரேஷன் செய்கிற டாக்டர் மாதிரி. பழைய டிஸ்க் சுளுவாக வந்துவிட்டது. புதுசைத் தட்டில் வைத்தேன். “அக்கா, வீடியோல வேற பக்கமா இருக்கே” என்றாள் படுத்தபடியே. “எனக்குத் தெரியும், நீ படு” என்றேன். நாலு ஸ்குருவையும் முடுக்கினேன்.

முடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டுப் பசை விட்டேன்.

ஏன் விட்டேன்? யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. கண்ணாடியின் காதுக்கம்பியில் ஸ்குரு போட்டால் பசை விட வேண்டும், இல்லையென்றால் கழன்றுவிடும். பதினெட்டு வருஷமாகச் செய்கிற வேலை. பசைக் குப்பி அந்த டப்பாவிலேயே இருந்தது. மூளையைக் கேட்காமல் கை பாட்டுக்கு விட்டுவிட்டது.

தட்டை உள்ளே தள்ளினால் போகவில்லை. ஒரு விரல் அகலம் வெளியே நிற்கிறது. அவள் சொன்னதுதான் சரி. டிஸ்கை மாற்றித் திருப்பி வைத்திருக்கிறேன். சரி, கழற்றித் திருப்பலாம் என்றால் — எங்கே கழற்றுவது? பசை கெட்டித்துவிட்டது. இரண்டு ஸ்குரு எப்படியோ வந்தது. மூன்றாவது அசைய மறுத்தது. நாலாவதில் ஆத்திரத்தில் அழுத்தித் திருகினேன், தலை மழுங்கிப்போயிற்று. தட்டு இல்லாமல் பழைய டிஸ்கைக்கூடத் திரும்பப் போட முடியாது.

“பரவால்லக்கா” என்றாள். நாளைக்கு நான் வேலைக்குப் போன பிறகு இவள் என்ன செய்வாள்? அது ஒன்றுதான் மண்டைக்குள் சுற்றுகிறது.

மார்ச் 16, திங்கள்

கடையில் பகல் முழுக்க வேலை ஓடவில்லை. தட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன், எடுக்கத் தைரியம் வரவில்லை. சாயந்திரம் ஓடி வந்தேன்.

படுத்திருந்தாள். அதே இடத்தில், அதே பக்கமாக.

“நான் எங்கயும் போகலக்கா. பாத்ரூம் தவிர.”

எனக்கு ஒரே சந்தோஷம். நாளைக்கு எப்படியாவது சரிபண்ணிடறேன், உனக்குப் பொழுது போகணுமே என்று உளறினேன். அவள் சிரித்தாள். பிறகு சொன்னாள். அதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

“அந்த வெளையாட்டு எனக்கு எப்பவோ சலிச்சுப்போச்சுக்கா. நீ சாயந்திரம் வந்து பக்கத்துல உக்காந்து, இன்னைக்கு எங்க வரைக்கும் போனேன்னு கேப்பல்ல, அதுக்காகத்தான் ஓட்டறேன். அது இல்லாத நாள்ல நீ உள்ள வந்ததும் போர்வையப் பாக்கற. பெட்ஷீட்டப் பாக்கற. ரத்தம் இருக்கான்னு தேடற. என் மூஞ்சியப் பாக்கவே மாட்டேங்கற. உன்னைப் பாத்தா எனக்கும் பயம் வந்துடுது.”

உண்மைதானே. இன்றுகூடக் கதவைத் திறந்ததும் முதலில் பார்த்தது போர்வையைத்தான்.

நான் அவளைப் படுக்க வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னை உட்கார வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மார்ச் 17, செவ்வாய்

முதலாளியைப் பற்றி இதுவரை இதில் எழுதியதையெல்லாம் அடிக்கலாமா என்று பார்க்கிறேன். நிறைய இருக்கிறது. அடித்து மாளாது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஸ்குருடிரைவர் முனை ஸ்குருவில் உட்காரவே மாட்டேன் என்றது. நான்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் முதலாளி வந்து நிற்பதையே கவனிக்கவில்லை.

“என்னம்மா இது? கண்ணாடி மாதிரி தெரியலையே.”

சொன்னேன். தங்கச்சி, தையல், குதிரை, பசை, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டிவிட்டேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பசை என்றதும் ‘க்ளுக்’ என்று சிரித்துவிட்டார். “இதுக்கும் பசை விட்டியா? கெட்டிக்காரிதான் போ! உன் கை நடுங்குதும்மா. நகரு.”

வேலை மேஜையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கல்லாப்பெட்டியை விட்டு நகர மாட்டார். இன்று ஒரு கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிரேம் ஒட்டுகிற சால்டரிங் ராடைச் சூடாக்கி, முனையை மூன்றாவது ஸ்குருவின் தலையில் மட்டும் லேசாக வைத்தார். டிஸ்கில் சூடு ஏறிவிடுமே என்று நான் பதறினேன். “தொட்டுத் தொட்டு எடுக்கறேன், சும்மா இரு” என்றார். பசை இளகியது. ஸ்குரு வந்தது.

மழுங்கின நாலாவதுக்கு மெல்லிய அரத்தை எடுத்து, தலைக்குக் குறுக்கே ஒரு கோடு அறுத்தார். அவ்வளவு சின்னத் தலையில், அப்படியொரு நேர்க்கோடு. அதற்கும் சூடு காட்டி, கோட்டில் தட்டையான ஸ்குருடிரைவர் முனையை வைத்துத் திருகினார். முதலில் அசையவில்லை. “வாடி என் ராஜாத்தி” என்றார் ஸ்குருவைப் பார்த்து. வந்துவிட்டது!

வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். சாப்பாடு ஆறிப்போயிருந்தது. நான் கும்பிட்டேன், அழுகையும் வந்துவிட்டது. “சரி சரி, அழாத. சீக்கிரம் வீட்டுக்குக் கெளம்பு. அந்தப் பசைக் குப்பிய இங்கயே வெச்சிட்டுப் போ” என்றார்.

பாதி நாள் சம்பளம் பிடிப்பாரா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. எனக்கும் கொஞ்சம் வெட்கம் இருக்கிறது.

சாயந்திரம் டிஸ்கைச் சரியான பக்கமாக வைத்தேன். அவளிடம் இரண்டு முறை காட்டிக் கேட்டுக்கொண்டுதான் வைத்தேன். தட்டு ‘சட்’டென்று உள்ளே உட்கார்ந்தது. கன்சோலுக்கு வேண்டிய சாப்ட்வேரை ஏற்றினோம், பிறகு பென்டிரைவைச் செருகினோம். பாதி ஏறும்போது திரை கொஞ்ச நேரம் இருட்டாகியது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டோம்.

வந்தது. பாலத்தின் நடுவில் குதிரை நின்றுகொண்டிருந்தது.

மார்ச் 18, புதன்

இன்று கதவைத் திறந்ததும் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பார்த்தேன். “எங்க வரைக்கும் போன?” என்றேன். “உனக்காகக் காத்திருக்கேன், நீ ஓட்டு” என்று ரிமோட்டைக் கையில் திணித்தாள். ரிமோட் இல்லையாம், கன்ட்ரோலராம். ஏதோ ஒன்று. குதிரையை நேரே கொண்டுபோய் ஆற்றில் விட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மாப்பிள்ளையின் கப்பல் ஏதோ துறைமுகத்தைத் தொட்டிருக்கிறது, போன் வந்தது. டிஸ்க் மாற்றிய கதையைக் கேட்டுவிட்டு, “அண்ணி, நீங்களா!” என்றார். பிறகு, “உங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்னு தெரியல” என்றார். பத்திரமாக வந்து சேருங்கள், அது போதும் என்றேன்.

நான் இப்போது குதிரையை ஆற்றில் விடுவதில்லை. பனிமலைவரை போய்விட்டோம். அவள் வயிற்றுக்குள்ளிருந்து பிள்ளை நன்றாக உதைக்கிறது. நான் குதிரையை வேலியில் முட்டவிடும்போதெல்லாம் உதைக்கிறது என்கிறாள். பொய்யாக இருந்தாலும் கேட்க நன்றாக இருக்கிறது.

மே 5, செவ்வாய்

பரிசோதனை. தையல் அப்படியே நிற்கிறதாம். டாக்டர் சிரித்தார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன்.

மே 26, செவ்வாய்

பெண். கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டாள். எடை குறைவு. ஆனால் என்ன சத்தம்! வராந்தா முழுக்கக் கேட்டது. யாரிடம் நன்றி சொல்வது என்று தெரியாமல், தரை துடைத்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கையை விடவில்லை.

முதலாளிக்குப் போன் போட்டேன். “ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?” என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். “அப்ப இந்த வாரம் வராத” என்று வைத்துவிட்டார்.

ஜூலை 5, ஞாயிறு

மாப்பிள்ளை அடுத்த வாரம் வருகிறார். அதுவரை இருவரும் இங்கேதான்.

இன்று மத்தியானம் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பாப்பா என் நெஞ்சின்மேல் தூங்கிப்போனாள். பால் வாசனை, சூடு, ஒரு பூனைக்குட்டியின் கனம். கால் மரத்துப்போயிற்று. மூக்கு அரித்தது. மெல்ல எழப் பார்த்தேன்.

“அசையாதக்கா! முழிச்சுக்குவா. அப்படியே கெட.”

தங்கச்சி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கடைக்குப் போய் டயபர் வாங்கி வரப் போகிறாளாம். வண்டி வேண்டாமாம், நடந்தே போகிறாளாம். படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கும் சத்தம் கேட்டது. மெதுவாப் போடி என்று கத்த வாய்வரை வந்தது. பாப்பா தூங்குகிறாளே என்று அடக்கிக்கொண்டேன்.

ஜன்னல் வழியே தெரு தெரிந்தது. கையை வீசிக்கொண்டு அவள் நடந்து போனாள். முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அசையவில்லை.