கட்டாயக் கட்டம்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றும் தங்கையின் திட்டத்தைத்தான் பேராசிரியர் திரையில் போட்டுக் காட்டினார். தகவல் அமைப்பு மேலாண்மை என்றால் என்னவென்று வகுப்பிலேயே அவளுக்குத்தான் புரிந்திருக்கிறதாம். பக்கத்து நாற்காலிக்காரன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அக்காவும் தங்கையும் ஒரே வகுப்பு என்பது அவனுக்குத் தீராத வேடிக்கை.

அப்பா படுக்கையில் விழுந்தபோது நான் படிப்பை விட்டுவிட்டுத் துணிக்கடையில் பில் போட்டேன். திரும்பி வந்து சேர்ந்தபோது அவள் என்னை எட்டிப் பிடித்திருந்தாள். இப்போது முந்தியும் விட்டாள். இதில் யாரைக் குறை சொல்வது? அவளைத்தான் சொல்கிறேன்.

பிப்ரவரி 5

அம்மா அவள் பாலில் மட்டும் சர்க்கரை கூடப் போட்டாள். இதையெல்லாம் எழுதுகிறாயே, வெட்கமாக இல்லையா? இல்லை.

பிப்ரவரி 10

பல் ஆஸ்பத்திரியில் எங்கள் வகுப்பிலிருந்து ஒருவரை வேலைக்கு எடுக்கப் போகிறார்கள். நாங்கள் இருவருமே கேட்டிருக்கிறோம். அவள் செய்த முன்பதிவு முறை அங்கே ஏற்கெனவே சோதனையாக ஓடுகிறது. நான் செய்தது மருந்து இருப்புக்கு. பஞ்சும் கையுறையும் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். அதை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

"நீதான் வாங்குவ பாரு, அக்கா," என்றாள். அவளுக்குப் பெருந்தன்மைகூடச் சுலபமாக வருகிறது. வயிறு எரிகிறது.

பிப்ரவரி 17

கையுறை இருப்பைச் சரிபார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வரவேற்பில் இருக்கும் பெண்ணின் போன் ஓயாமல் அடித்தது. வந்த குறுஞ்செய்தியை எடுத்துக் காட்டினாள். 'நாளை காலை உங்களுக்குப் பல் எடுக்கப்படும்.' அதற்கு முந்தையதும் அதேதான்.

"என் வாயில இருக்கறதே கொஞ்சம். இன்னும் எத்தனைதான் எடுப்பாங்க?" என்றாள்.

விசாரித்தேன். கைபேசி எண் கட்டத்தை நிரப்பாவிட்டால் முன்பதிவு அடுத்த பக்கத்துக்கே போகாதாம். போன் இல்லாத வயசானவர்கள் வந்தால் தன் எண்ணையே போட்டுவிடுகிறாளாம். நினைவூட்டல் எல்லாம் இவளுக்கு வருகிறது, பாவம், அவர்கள் வர வேண்டிய நாளை மறந்துவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கிய புத்திசாலி யார்? என் தங்கை!

வீட்டுக்கு வந்தும் அவளிடம் மூச்சு விடவில்லை.

பிப்ரவரி 18

வாய்வரை வந்தது. விழுங்கினேன். இனித்தது.

பிப்ரவரி 24

ஆஸ்பத்திரி மேலாளர் முன்னால் இறுதி விளக்கம். தங்கை பளிச்சென்று பேசினாள். ஒரு நினைவூட்டல்கூடத் தவறாமல் போய்ச் சேர்ந்திருப்பதாக வரைபடம் காட்டினாள். கேள்வி உண்டா என்றார் பேராசிரியர். கையைத் தூக்கினேன்.

"யாருக்குப் போய்ச் சேர்ந்துச்சுன்னு பார்த்தீங்களா?"

அவளை 'நீங்க' என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பிறகு அந்தப் பல் கதையைச் சொன்னேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மேலாளர் சிரிக்கவில்லை, என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். தங்கை திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியபடி கேட்டாள். "வீட்டுலயே சொல்லியிருக்கலாமேக்கா?"

சொல்லியிருக்கலாம்தான். ஒரு வாரம் இருந்ததே — ஏன்டி சொல்லல நீ?

மார்ச் 3

வேலை எனக்கு! ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று போய்ப் பார்த்தவள் நான்தானாம். அம்மா சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். தங்கை பக்கம் திரும்பாமலே சாப்பிட்டு எழுந்தேன்.

மார்ச் 9, திங்கள்

முதல் நாள் வேலை. போனதும் அந்தக் கட்டத்தின் கட்டாயத்தை எடுத்தேன். எண் இல்லாதவர்களுக்கு நாளும் நேரமும் போட்ட சீட்டு அச்சாகி வருகிற மாதிரி மாற்றினேன். சின்ன வேலைதான். தங்கையிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடித்திருப்பாள்.

சாயங்காலம் அம்மா என் பாலில் சர்க்கரையை அள்ளிப் போட்டாள். தங்கை அந்தக் கரண்டியையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள், உதட்டால் மட்டும். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளும் நான் சிரித்தது அதைத்தான்.

டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"வேண்டாம். நீங்களே குடிங்க," என்றாள்.