உன் சார்பில் நான் சொன்ன பதில்கள்

நிக்டி, புனே
21 செப்டம்பர்

அன்புள்ள சரசாவுக்கு,

கோவிந்தராஜன் எழுதுவது. ‘இங்கு நான் நலம்’ என்று முதல் வரியிலேயே போட்டுவிட்டால் அப்புறம் எழுத ஒன்றும் இருக்காது. அதனால் அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். நீயும் ரோஹிணியும் மாப்பிள்ளையும் குழந்தை வைஷுவும் சுகமாக இருப்பது நேற்று வீடியோவில் பார்த்த வரைக்கும் தெரியும்.

தினமும் போனில் பேசுகிற மனுஷனுக்கு இதென்ன புதுப் பழக்கம் என்று நினைப்பாய். போனை ரோஹிணி பிடித்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் மாப்பிள்ளை போய்வந்துகொண்டிருக்கிறார். நடுவில் வைஷு என் மூக்கைப் பிடிக்க வருகிறாள், நான் மூக்கை நீட்டுகிறேன், அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடுகிறது. புருஷன் பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டியதை அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? கீழ்வீட்டு ஜான்சி டீச்சரின் மகள் ஷீலா செவ்வாய்க்கிழமை டொரண்டோ கிளம்புகிறாள். அவளிடம் கொடுத்துவிடும் பருப்புப்பொடிக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். குழந்தை தூங்கும்போது தனியாக உட்கார்ந்து படி. முதலில் நீ மட்டும் படி.

ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேள்வி கேட்கிற ஸ்நேஹாவை உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்த பிறகு, போன அக்டோபரில் முதல் தடவை கூப்பிட்டபோது உன்னோடும் பேசி உன் பேர், வயசு எல்லாம் குறித்துக்கொண்டாள். இதயம், எலும்பு, சிறுநீரகம், நரம்பு, வயிறு என்று ஐந்து பிரிவுகளில் படுத்து எழுந்தவர்களை இரண்டு வருஷம் விடாமல் விசாரித்து, யார் எப்படி இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறார்கள். எந்தப் பிரிவானாலும் ஒரே கேள்விகள். நோயாளிக்கு ஒரு ஃபார்ம், வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு ஃபார்ம். கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் வரும்.

அந்த நூற்றுக்கு இத்தனையில்தான் நான் கெட்டேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் முப்பத்தாறு வாங்கியவன் நான். அதிலும் ஒரு மார்க் ஹெட்மாஸ்டர் இரக்கப்பட்டுப் போட்டது என்று பேச்சு. அப்படிப்பட்டவனிடம் ஒரு பெண் போன் செய்து, ‘மாத்திரை தவறாமல் போடறீங்களா காகா?’ என்று சித்தப்பா முறை வைத்து மரியாதையாகக் கேட்டால் இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

நீ போய் இரண்டு மாதம் கழித்து, ஜனவரியில் கூப்பிட்டாள். வீட்டில் உங்களோடு யார் என்று கேட்டாள். மனைவி என்றேன். பொய் சொல்ல நினைக்கவில்லை, சரசா. முப்பத்தேழு வருஷமாக அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான். சொன்ன பிறகு திருத்த வெட்கமாக இருந்தது. சரி, அவங்ககிட்டே கொடுங்க என்றாள். குளிக்கிறாள் என்றேன். அவளுக்கும் அன்றைக்கு நிறையப் பேரைக் கூப்பிட வேண்டியிருந்தது போலிருக்கிறது. விதிப்படி கூடாது, ஆனா நீங்களே அவங்க சார்பில் சொல்லிடுங்க காகா என்றாள். சொன்னேன். ஏப்ரலிலும் நீ குளித்தாய். ஜூலையிலும் குளித்தாய்.

‘இவரைப் பார்த்துக்கொள்வதில் சோர்வு உண்டா?’ இல்லை. ‘தூக்கம் கெடுகிறதா?’ இல்லை. ‘உங்களுக்கென்று நேரம் கிடைக்கிறதா?’ தாராளமாக. நடுவில், உப்பைக் குறைத்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார் என்று நீ புகார் சொல்வதாகவும் ஒன்று சேர்த்துவிட்டேன். ஸ்நேஹா சிரித்தாள். அந்தப் பத்து நிமிஷம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை உன்னிடம் ஒளிக்க மாட்டேன். நீ என்ன சொல்வாய் என்று யோசித்து யோசித்துப் பதில் சொல்லும்போது, நீ நிஜமாகவே உள்ளே குளித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. ஒரு தடவை குரலைக்கூடத் தணித்துக்கொண்டேன்.

என் ஃபார்மிலும் குறை வைக்கவில்லை. நடை? தினம் நாற்பது நிமிஷம். சாப்பாடு? நேரத்துக்கு. போன வாரம் எத்தனை பேரோடு பத்து நிமிஷத்துக்கு மேல் நேரில் பேசினீர்கள்? எட்டுப் பேர். அந்த எட்டுப் பேர் யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தொண்ணூற்று நான்கு என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாள் வந்தது. அதைத்தான் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். ரோஹிணி கைதட்டுகிற பொம்மையை வரிசையாகப் போட்டாள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் மே மாதம் உன் விசாவை நீட்டினீர்கள். குழந்தைகள் காப்பகத்தில் அடுத்த ஏப்ரலில்தான் இடம் கிடைக்குமாம், ‘அதுவரை அம்மா இருக்கட்டும்ப்பா, நீங்கதான் ஜம்முனு இருக்கீங்களே’ என்று சொல்லி, இந்த மாதக் கடைசியில் மறுபடியும் நீட்ட விண்ணப்பம் போடுவதாகப் போன வாரம் ரோஹிணி கேட்டாளே, ‘தாராளமா போடும்மா’ என்று சொன்னேனே, அதற்கும் அந்தத் தாள்தான் காரணம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி ஹாலில் எங்கள் எல்லாரையும், பார்த்துக்கொள்கிறவர்களோடு வரச் சொல்லி ஒரு கூட்டம் வைத்தார்கள். பிரிவுவாரியாகப் பலகை. எலும்புக்காரர்கள் காலை நீட்டிக்கொண்டு ஒரு பக்கம், சிறுநீரகக்காரர்கள் தண்ணீரை மூடியில் அளந்து குடித்துக்கொண்டு ஒரு பக்கம். இதயக்காரர்களாகிய நாங்கள் மட்டும் வெளியே ஒரு குறையும் தெரியாமல், அங்கே கொடுக்கிற அவல் போஹாவுக்காக வந்து உட்கார்ந்தவர்கள் மாதிரி இருந்தோம். என் பக்கத்து நாற்காலி உனக்கு. அதன் மேல் குடையை வைத்தேன்.

பெரிய டாக்டரம்மா பேசினார். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று நாங்கள் எழுதிவிடுகிறோம், வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்பது எங்களுக்குத் தெரிவதில்லை, அதைத்தான் உங்களிடம் கேட்கிறோம் என்றார். கணக்கு இன்னும் முடியவில்லையாம். பெயர் சொல்லாமல் சிலருடைய எண்களை மட்டும் திரையில் காட்டினார். இதயப் பிரிவு, வயது அறுபத்தாறு, வீட்டில் மனைவி, தொண்ணூற்று நான்கு. மனைவிக்குச் சோர்வு, பூஜ்யம். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாவிட்டால் சந்தேகம் வருமே.

அப்போது நரம்புப் பிரிவிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தாள். நீலாதாயி என்று பெயர். தளேகாவிலிருந்து லோக்கல் ரயிலில், பக்கவாதம் வந்த கணவரை எப்படியோ ஏற்றி இறக்கிக் கூட்டிவந்திருந்தாள். எங்களுக்கு முப்பத்தெட்டுதான் வந்தது, நானும் ராத்திரி பகல் பார்க்காமல்தான் செய்கிறேன், எனக்குச் சோர்வாக இருக்கிறது, சில நாள் அவர் மேலேயே எரிந்து விழுகிறேன் என்றாள். பிறகு, ‘அந்தத் தொண்ணூத்து நாலு வீட்டம்மா எப்படிச் செய்யறாங்க? சொல்லச் சொல்லுங்க மேடம், நானும் அப்படியே செய்யறேன்’ என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. எழுதிக்கொள்ள நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

நான் எழுந்துவிட்டேன், சரசா. என் மராத்தி காய்கறிக் கடை வரைக்கும்தான் போகும் என்று உனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டே சொன்னேன். தாயி, அந்த அம்மா வீட்டில் இல்லை. பத்து மாதமாகக் கனடாவில் இருக்கிறாள். அந்தப் பூஜ்யம் நான் போட்டது. இங்கே இருந்தபோது அவளும் சோர்ந்துதான் போயிருப்பாள், நான் கேட்டதில்லை என்றேன். தமாஷ் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். நீலாதாயி சிரிக்கவில்லை. நோட்டை மூடிவிட்டு, புடவைத் தலைப்பால் கணவரின் வாயோரத்தைத் துடைத்தாள்.

ஸ்நேஹா என்னைப் பக்கத்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நம் ரோஹிணி கோபித்தால் மூக்கு சிவக்குமே, அதே மாதிரி. ‘மூணு தடவை கேட்டேன் காகா, மூணு தடவையும் குளிக்கிறாங்கன்னு சொன்னீங்க. எத்தனை மாசமா குளிக்கிறாங்க?’ என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு அழுகை வந்தது. உங்களை மாதிரி பத்துப் பேர் சொன்னால் போதும், வீட்டில் தனியாக இருக்கிற இதய நோயாளிக்கு ஒரு குறையும் இல்லை என்று நாங்கள் எழுதிவிடுவோம், அப்புறம் அவனைத் தேடி யாரும் போக மாட்டார்கள் என்றாள். விதியை மீறி என்னைப் பேசவிட்டதற்கு அவளும் டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அது என்னால்.

ஃபார்மைத் திரும்ப எழுதினோம். நடை ஜூனோடு நின்றுவிட்டது. மழை என்று நிறுத்தினேன், மழை விட்ட நாட்களுக்கு வேறு காரணம் கிடைத்தது. ராத்திரி மாத்திரை வாரத்தில் மூன்று நாள் விட்டுப்போகிறது. சாப்பிட்ட பின் போட வேண்டிய மாத்திரை அது, ஒருவனுக்காக அடுப்பு பற்ற வைப்பானேன் என்று நான் பாலும் பிரெட்டுமாகப் படுத்துவிடுகிறேன். எத்தனை பேரோடு நேரில் பேசினீர்கள் என்பதற்குப் பூஜ்யம். வீடியோ கணக்கில் வராதா என்று கேட்டுப் பார்த்தேன். வராதாம். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் தாண்டட்டும் என்றுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் அவளிடம் சொன்னேன், உன்னிடம் சொல்லவில்லை. ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் படி ஏறும்போது மார்பைப் பிடித்தது. ஜான்சி டீச்சர் வீட்டு மணியை அழுத்தக் கை நீட்டினேன், உள்ளே சீரியல் ஓடுகிற சத்தம் கேட்டது, அந்த நேரத்தில் தொந்தரவு செய்வானேன் என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சரியாகிப்போய்விட்டது. சீரியலுக்கு மரியாதை கொடுத்துச் செத்தவன் என்று பேர் வாங்கியிருப்பேன். பயப்படாதே, ஞாயிற்றுக்கிழமையே ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், இனி விட்டுப்போகக்கூடாது, வீட்டில் ஆள் இல்லாமல் இருக்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார். நேற்றிலிருந்து ஜான்சி டீச்சர் வீட்டில் என் சாவி ஒன்று இருக்கிறது.

என் புது மதிப்பெண் ஐம்பத்தொன்று. அறுபதுக்குக் கீழே போனால் குடும்பத்தாருக்குத் தெரிவிக்க வேண்டுமாம். ஃபார்மில் இருப்பது ரோஹிணியின் நம்பர். பத்துப் பன்னிரண்டு நாள் பொறு, நானே சொல்லிவிடுகிறேன் என்று கெஞ்சி வாங்கியிருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை ஸ்நேஹா அவளைக் கூப்பிடுவாள். அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டும், பதமாக ரோஹிணியிடம் சொல்ல வேண்டும். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு, அப்பாவைக் கெடுத்தது நான்தான் என்று அவள் உட்கார்ந்து அழக்கூடாது. போ என்று சொல்லி உனக்குப் பெட்டி கட்டியவன் நான்தான்.

ஒன்று மட்டும் என்னை விடவில்லை. சோர்வு உண்டா, தூக்கம் கெடுகிறதா, உனக்கென்று நேரம் இருக்கிறதா என்று இத்தனை வருஷத்தில் யாரும் உன்னைக் கேட்டதில்லை. ஒருத்தி கேட்டாள், அதற்கும் பதில் சொன்னது நான். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாதம் முழுக்க நீ கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்தாய், ஒரு கையைக் கட்டில் காலில் வைத்துக்கொண்டு. நான் அசைந்தால் தெரிய வேண்டும் என்று. அப்போது உன் முதுகு எப்படி இருந்தது? அங்கேயும் ராத்திரி குழந்தைக்கு நீதான் எழுந்திருக்கிறாய் என்று தெரியும். அதனால் வந்து எனக்குச் சமைத்துப் போடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாதம் வைக்கக் கற்றுக்கொண்டேன். ரசம் மட்டும் இன்னும் என்னோடு சண்டையில் இருக்கிறது. வந்தால் உட்கார்ந்திரு, போதும்.

வைஷுவுக்குத் தாத்தாவின் ஆசீர்வாதம். நோய்நொடி இல்லாமல், யார் எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்கிற பெண்ணாக வளரட்டும். ரோஹிணிக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு. குழந்தைக்கு நீ அங்கே இருந்தே ஆக வேண்டும் என்றால் இரு, நான் முறுக்கிக்கொள்ள மாட்டேன். உனக்கு எது முடியுமோ, எது பிடிக்குமோ, அதை நீயே சொல்.

ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு என்னை வீடியோவில் கூப்பிட்டு, வரட்டுமா இருக்கட்டுமா என்று கேட்பீர்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் சிரித்துக்கொண்டே, ‘எனக்கென்ன, இருந்துட்டு நிதானமா வா’ என்றுதான் சொல்வேன். வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியாது. அதை நீ நம்பிவிடாதே, சரசா.

உன்
கோவிந்தராஜன்