மாடி அறைக்குப் போன கேபிள்

அன்புள்ள பாப்புவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். இந்த முறை ஒப்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நலம். நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள்தானே? போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அவர் எதிரில் இதைச் சொல்ல முடியாது, அதனால்தான் கடிதம்.

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் டீச்சர் மாடி அறைக் கம்ப்யூட்டரில் வந்து பாடம் நடத்துவது உனக்குத் தெரியும். அதைப் போன மாதம் அப்பா நிறுத்திவிட்டார், நீ பதறுவாயே என்று சொல்லவில்லை. டீச்சர் பேசுவது துண்டு துண்டாக வந்து விழும், முகம் அப்படியே உறைந்து நிற்கும். நான் நெட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன், அவரோ தன் தலைக்குள்தான் மறுபடி ஏதோ அறுந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். காதைத் தொட்டுக் காட்டி "போச்சு" என்றார், அவ்வளவுதான், அதன்பிறகு மாடிப்படி ஏறவில்லை, சாப்பாட்டிலும் மனம் இல்லை.

உன் சித்தப்பா ஆபத்பாந்தவன் மாதிரி ஒரு புது ரூட்டரோடு வந்தார். வெளியிலிருந்து வரும் ஒயருக்கென்று தனி நிறத்தில் ஒரு துளை இருக்கிறதே, அதை விட்டுவிட்டுப் பக்கத்துத் துளையில் செருகி, இருந்த கொஞ்சநஞ்ச நெட்டும் போனதும் காபியைக்கூடக் குடிக்காமல் நழுவிவிட்டார். அப்புறம் நெட் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஒயரைச் சரியான துளைக்கு மாற்றியதும் கீழே நெட் ஓடியது, மாடியில் மட்டும் பழைய கதைதான். உடனே கீழேயிருந்து மாடி அறைக்குப் போகும் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனவள் மாடி ஜன்னலில் நின்றுவிட்டாள். "ஆன்ட்டி, இது வீட்டுக்குள்ள போடுற கேபிள், வெயில்ல விட்டிருக்கீங்க, போதாததுக்கு ஜன்னல் கதவு வேற நசுக்கியிருக்கு" என்றாள். மேலுறை வெடித்து, உள்ளே ஜோடி ஜோடியாக முறுக்கியிருந்த எட்டுக் கம்பிகளில் ஒன்று பச்சை பூத்து இற்றுப்போயிருந்தது. வெயில் தாங்கும் கறுப்புக் கேபிளை, 'கேட் சிக்ஸ்' என்கிற ரகமாம், சுவரில் துளை போட்டு இழுத்தாள். இரண்டு முனையிலும் கம்பிகளின் நிற வரிசை ஒன்றாக இருக்க வேண்டுமாம், நான் கண்ணாடி போட்டுக்கொண்டு அவளோடு சேர்ந்து சரிபார்த்தேன்.

இற்றுப்போன துண்டை எடுத்துப்போய் அப்பா மடியில் வைத்து, "அறுந்தது இதுதாங்க, நீங்க இல்ல" என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, என் தோளைக்கூடப் பிடிக்காமல், மாடிப்படிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினார். கம்ப்யூட்டரில் வந்த டீச்சர், நெட் சரியில்லாத நாட்களின் பழக்க தோஷத்தில் தொண்டை கிழியக் கத்த, அப்பா கையை உயர்த்தி, "கத்தாதீங்கம்மா... நல்லா... கேக்குது" என்றார். இத்தனை மாதத்தில் அவர் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான், பாப்பு. டீச்சரும் அழுதாள், நான் அழுததைக் கேட்கவே வேண்டாம்.

இருவரும் நீடூழி நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே, போனில் அவர் வார்த்தைக்குத் திணறினால் நீ எடுத்துக் கொடுக்காதே, லைன் போய்விட்டது என்று வைத்தும்விடாதே. கொஞ்சம் பொறு, சொல்லிவிடுவார்.

நிம்மதியாகத் தூங்கப் போகும்,
உன் அம்மா