ஒன்றேமுக்கால் பாகம்

சல்லி,
திருகோணமலை.
புதன்கிழமை இரவு.

என் அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் கீர்த்தனி எழுதுகிறேன். சுகம் கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். நான் அதைக் கடைசியில் கேட்கிறேன். கோபிக்க வேண்டாம்.

நாளை மத்தியானம் உங்கள் கூட்டாளி மஹ்ரூப் மாமாவின் படகு கொட்பே துறைமுகத்திலிருந்து வெளிக்கிடுகிறது. உங்கள் படகு கடைசியாக ரேடியோவில் கதைத்த இடம் வரைக்கும் போய், வழியில் காணும் படகுகளிடமெல்லாம் விசாரிப்பதாக மாமா சொன்னார். இந்தக் கடிதத்தைப் பொலித்தீனில் சுற்றி, பள்ளிக்கூடம் போகும் வழியில் அவரிடம் கொடுப்பேன். அம்மாவுக்குத் தெரியாது. குசினிக்குள் இருந்து ஃபோன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால் வெளிச்சத்தை அணைத்துவிடுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் அதனால்தான்.

நீங்கள் சித்திரை வருடப் பிறப்புக்கு மூன்றாம் நாள் போனீர்கள். இப்போது புரட்டாசி. திங்கட்கிழமை பின்னேரம் இராசநாயகம் பெரியப்பா வந்தார். தேத்தண்ணி குடித்து முடித்தார். பிறகு, ஐயரோடு கதைத்துவிட்டதாகவும், உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து கிரியை செய்யலாம் என்றும், ஆறு மாதம் முடிய முன்னம் செய்தால் நல்லது என்றும் சொன்னார். அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பி, “என்ர மனிசன் கடலுக்கெல்லே போனவர், வானத்துக்கோ போனவர்? நீங்கள் வீட்டை வெளிக்கிடுங்கோ அத்தான்” என்று சொல்லிவிட்டார். பெரியப்பா செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் போனார். பாவம், அவரும் கேற்றடியில் நின்று கண்ணைத் துடைத்தார்.

இனி என் விசயம். அதைத்தான் யாரிடமும் சொல்ல ஏலாமல் இருக்கிறது.

நான் பந்து எறிந்து பழக வேம்பில் நீங்கள் கட்டித் தந்த வளையம் ஞாபகம் இருக்கும். பழைய நண்டுக்கூட்டு வளையமும், உடைந்த வள்ளத்தின் நீலப் பலகையும். பத்தடி உயரம் வேண்டும், பக்கத்து வீட்டில் அளவு நாடா வாங்கி வரட்டோ என்று நான் கேட்டேன். “கடலை அளக்கிற கை உன்ர வளையத்தை அளக்காதோ? ஒரு பாகம் ஆறடி. ஒண்டேமுக்கால் பாகம் வைச்சாப் பத்தடிக்குக் காணும்” என்று சொல்லி, கயிற்றை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து அளந்தீர்கள். பிறகு ஒவ்வொரு விடியலும் நான் ஐம்பது பந்து எறிவேன். நீங்கள் கீழே இருந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டே காலால் பந்தைத் தட்டி அனுப்புவீர்கள். இப்போது எறிந்துவிட்டு நானே வேலி மட்டும் ஓடி எடுக்கிறேன். ஐம்பதும் எறிந்து முடிக்க, முன்பு எடுத்ததைவிட இரட்டிப்பு நேரம் எடுக்கிறது. ஆனாலும் ஒரு நாளும் விடவில்லை. ஐம்பதில் நாற்பது விழும்.

பள்ளிக்கூடத்து வளையம் துருப்பிடித்து விழுந்தபிறகு போன மாதம்தான் புதிதாகப் பூட்டினார்கள். அதில் நான் எறிந்த பந்து ஒன்றுகூட விழவில்லை, அப்பா. எல்லாம் முன் கம்பியில் பட்டுத் திரும்பின. “உங்கட ஊரில வளையத்தைத் தண்ணிக்குள்ளயா கட்டியிருக்கு? கீழ தாண்டு போச்சு போல” என்று ஹுஸ்னியா கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ரிஸ்னா டீச்சர் மட்டும் சிரிக்காமல், வீட்டு வளையத்தை ஒருக்கால் அளந்து பார்க்கச் சொன்னார்.

அளந்தேன். ஒன்பதடி இரண்டு அங்குலம். பத்து அங்குலம் குறைவு.

கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அதை ஒன்றேமுக்காலால் பிரித்துப் பார்த்தேன். ஐந்தடி மூன்று அங்குலம் வந்தது. உங்கள் கை இரண்டையும் விரித்தால் அவ்வளவுதான், அப்பா. ஆறடி இல்லை. அந்த எண்ணைச் சுற்றிக் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை மாவட்ட அணிக்குத் தெரிவு. பத்துப் பந்தில் ஏழு போட வேண்டும். வளையத்தை உயர்த்தினால் பழகிவிடலாம். அதற்கு உங்கள் முடிச்சுகளை அவிழ்க்க வேண்டும். ஏறிப் பார்த்தேன். எனக்கு அவிழ்க்கத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மஹ்ரூப் மாமா அம்மாவைப் பார்க்க வந்தபோது அவருக்குக் காட்டினேன். மரத்தடியில் நின்று அண்ணாந்து முடிச்சைப் பார்த்தார். பிறகு, “சோமசேகரம் இறுக்கினா இறுக்கினதுதான் மகள். அறுக்கத்தான் வேணும். கத்தி தரட்டா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்தேன். வளையத்தை உயர்த்தாமல் நான் தாழ்ந்து நின்றால் சரிதானே? செவ்வாய்க்கிழமை விடிய, எறிகிற இடத்தில் பத்து அங்குல ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி அதற்குள் நின்று எறிந்தேன். முதலில் விழவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் பட்ட மாதிரியே முன் கம்பியில் பட்டது. அப்போது வந்த சந்தோசத்தை எழுத ஏலாது. கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, இருபதில் ஒன்பது போட்டேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிடங்கை மூடாமல் குளிக்கப் போனேன்.

அம்மா எழும்பி வந்து அதைக் கண்டுவிட்டார். முதல்நாள்தான் பெரியப்பா வந்து போனவர் என்பது என் புத்திக்கு வரவில்லை. “ஆரடி முத்தத்தில கிடங்கு வெட்டினது? ஆருக்கு வெட்டினது?” என்று அம்மா கத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கூட ஓடிவந்தார்கள். நான் பயத்தில், நாய்தான், ஜிம்மிதான் கிண்டினது என்று சொல்லிவிட்டேன். அம்மா முழங்காலில் இருந்து, கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினார். மூடியபிறகும் தட்டிக்கொண்டே இருந்தார். நான் கிணற்றடியில் ஈரத்தோடு நின்று பார்த்தேன்.

அம்மா ஜிம்மியைக் கட்டிப்போட்டிருக்கிறார். பின்னேரத்தில் கரைக்குப் போய் வள்ளம் பார்க்க ஏலாமல் ஊளையிடுகிறது. என்னைக் கண்டால் வாலை ஆட்டுகிறது. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது. நாளைக்கு அம்மாவிடம் உண்மையைச் சொல்லி அதை அவிழ்த்து விடுவேன். அடி விழுந்தால் பரவாயில்லை. அம்மா அடிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பாரோ என்றுதான் பயம்.

இன்று விடிய நீலப் பலகையில், உங்கள் வளையத்துக்குப் பத்து அங்குலம் மேலே சோக்கால் ஒரு கோடு போட்டேன். அங்கே வளையம் இருப்பதாக நினைத்து எறிந்தேன். ஐம்பதும் எறிந்தேன். ஆனால் அங்கே ஒன்றும் இல்லைத்தானே, அப்பா. போனதா போகவில்லையா என்று கண்டுபிடிக்க ஏலாது. பந்தை எடுத்து வந்து திரும்ப எறிவதுதான்.

சனிக்கிழமை ஏழு விழாது என்று எனக்குத் தெரியும். கத்தி குசினியில் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. நான் எடுக்கமாட்டேன். அம்மா தாலியைக் கையால் பொத்திப் பிடித்தபடி தூங்குகிறார்.

முடிச்சை நீங்களே வந்து அவிழ்த்துத் தாருங்கள். அவசரப்பட வேண்டாம். எனக்குப் பதினாலு வயதுதான். அடுத்த வருடமும் தெரிவு இருக்கிறது, அதற்கடுத்த வருடமும் இருக்கிறது. எவ்வளவு பிந்தினாலும் வளையம் நீங்கள் கட்டிய இடத்திலேயே இருக்கும்.

தொடக்கத்தில் கேட்காததை இப்போது கேட்கிறேன். சுகமாக இருக்கிறீர்களா, அப்பா?

அம்மன் உங்களோடு இருக்கட்டும்.

இங்கே முடிச்சைக் காத்துக்கொண்டிருக்கும்
உங்கள் மகள்,
கீர்த்தனி