மூன்றாம் வருஷத்துக் காப்பு

நோர்வூட்
தை மாதக் கடைசி

என் அன்பு மகன் ஜீவராஜுக்கு அம்மா நாகலெட்சுமி எழுதுவது. கட்டார் வெயிலில் நீ வாடாமல் இருக்க மாரியம்மன் துணை இருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால், வீட்டில் இருக்கிற ஒரே போனை உன் அப்பா தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். அதனால்தான் லீவு முடிந்து திரும்பும் ஜெயகாந்தனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவுக்குச் சளி என்று நான் சொன்னது பொய். கோயில் மேட்டில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முன்பு பைபாஸ் ஒப்பரேஷன் செய்தபோது காலில் இருந்து எடுத்து நெஞ்சில் வைத்தார்களே நரம்பு, அதில் இரண்டு அடைத்துவிட்டதாம். நெஞ்சை மறுபடி பிளந்தால் தாங்கமாட்டார் என்கிறார் டொக்டர். அடைத்த கால் நரம்பைத் திறந்தாலும் திரும்ப அடைக்குமாம். அதனால் நெஞ்சில் பிறவியிலேயே இருக்கிற பழைய இரத்தக் குழாய்க்குள் மெல்லிய கம்பியை விட்டு, கல்லாகிப்போன இடத்தைக் குடைந்து, ஸ்டென்ட் வைக்கப் போகிறார்கள். ஆபத்தில்லையா என்று கேட்டேன். சும்மா விட்டால் அதைவிட ஆபத்து என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னது எனக்கே விளங்கியது.

நர்ஸ் நோனா விசாரித்தபோதுதான் மனிதர் வாயைத் திறந்தார். மருந்து எல்லாவற்றையும் நிறுத்தி இரண்டு வருஷமாகிறதாம்! உனக்குப் பிள்ளை பிறந்தால் மூன்று வருஷம் காப்புக் கட்டி, காமன் கூத்தில் வீரபத்திரன் வேஷம் போடுவதாக நேர்ந்திருந்தாரே. முதல் வருஷத்து விரதத்தில், மாத்திரைக் கூடு மாட்டெலும்பில் செய்தது என்று கூத்துக்காரர் யாரோ சொல்ல, எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சாக்கடைக் கானில் கொட்டிவிட்டார். கூத்து முடிந்த பிறகும் உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று தொடவே இல்லை. க்ளினிக்குக்கு ஒழுங்காகப் போய் மருந்தை வாங்கிக்கொண்டு வருவார், நானும் நம்பினேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். அப்புறம் அழுதேன்.

இப்போது மூன்றாம் வருஷம். மாசி அமாவாசை கழிந்ததும் கூத்துக்குக் கம்பம் நடுவார்கள். டொக்டர் கொடுத்த தேதியும் அந்த வாரம்தான். ஸ்டென்ட் வைத்த பிறகு ஒரு நாளைக்குக்கூட மாத்திரையை விடக்கூடாதாம், விட்டால் உயிருக்கே மோசமாம். இவரோ, “காப்பு கட்டுன கையால மாத்திரையத் தொடமாட்டேன், கூத்துக் கடைசியில காமன எரிச்சு எழுப்புன பொறகு போவோம்” என்கிறார். அதுவரைக்கும் இவர் இருக்க வேண்டுமே! பத்தடி நடந்தால் நெஞ்சைத் தடவுகிறவர், வேஷம் கட்டி விடிய விடிய எப்படி ஆடுவார்? உன் பெண்சாதி கிருஷாந்தி பிள்ளையைத் தூக்கிவந்து காலில் விழுந்து கேட்டாள். இவன் வந்ததே அந்த நேர்த்தியால்தானே, பாதியில் விட்டால் இவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அப்பா பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பூசாரியிடம் போனேன். தகப்பன் விட்டதை மகன் முடிக்கலாம், சாமி ஏற்றுக்கொள்ளும், ஆனால் மகன் தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார்.

அதைத்தான் கேட்கிறேன், தம்பி. இது கிடைத்ததும் அப்பாவுக்குப் போன் எடு. அடுத்த மாசி நான் வந்து காப்புக் கட்டுகிறேன், நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று சொல். ஒவ்வொரு வருஷமும் நீ சொல்வதுதான், ஏஜென்சிக்காரன் விடவில்லை, லீவு இல்லை என்று. பிள்ளை உன்னைப் போனுக்குள் இருக்கிற ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான். நீ எப்போது வருவாய் என்று இப்போது நான் கேட்கவில்லை. வரமுடியாது என்று தெரிந்தாலும் வருகிறேன் என்று சொல். சாமி குற்றம் வந்தால் என் தலையில் வரட்டும். அடுத்த மாசியில் நீ வராவிட்டால், உன்னைத் திட்டுவதற்கு அவர் இருக்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. நூறு வருஷம் நல்லா இரு, மகனே.

உன் அம்மா,
நாகலெட்சுமி