கிழங்கு நறுக்கும் நேரத்து இங்கிலீஷ்

என் அருமை அண்ணிக்கு,

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீடு கழுவியாயிற்று. தேக்கா கடைத்தெரு முழுக்க அலைந்தும் காய்ச்சலுக்கு ஒரு கொய்னா மாத்திரை கிடைக்கவில்லையே! சரி, அழுது முடித்துவிட்டேன். சேதிக்கு வருகிறேன்.

நம் அடுக்களை இங்கிலீஷ் வகுப்பை நிறுத்திவிடலாம் என்று பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா ஆரம்பித்தார். "டீச்சரே போயாச்சு. ஜப்பான்காரன் காதுல இங்கிலீஷ் விழுந்தா நம்ம கதி என்ன? ஒனக்கு எதுக்கு லா இந்த வம்பு?" பயம் நியாயம்தான், ஊரே இப்போது ஜப்பான்காரன் கையில். ஆனாலும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

பயந்துபோய்ப் புத்தகங்களை எல்லாம் அடுப்பில் போட்ட அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்? "போனா போகுது கோமதி. கை இருக்குல்ல, அதை வச்சே சொல்லித் தர்றேன்." மரவள்ளிக்கிழங்கை நறுக்கிக்கொண்டே "ஐ ஆம் கட்டிங்" என்றீர்கள். கை நடக்கும்போதுதான் அதைச் சொல்ல வேண்டும். கத்தியைக் கீழே வைத்தால் வாயையும் மூடிவிட வேண்டும். யாராவது எட்டிப் பார்த்தால் நாலு பொம்பளைகள் சமைக்கிறார்கள், அவ்வளவுதானே!

அதனால் நேற்று நானே கத்தியை எடுத்தேன். "நான்னா ஆம். அவன்னா இஸ். நாமன்னா ஆர். அப்புறம் செய்யுற வேலை, அதோட கடைசியில இங்." மாடியில் குடியிருக்கும் தையல்காரி செல்லம் அரிசி களைவதைக் காட்டி, பாக்கியம் அக்கா "ஷீ வாஷிங்" என்றார். தமிழில் அந்த நடுச்சொல் நமக்குத் தேவையில்லை, அதுதான் வாயில் வரமாட்டேன் என்கிறது. "இஸ்ஸை முழுங்காதீங்கக்கா!" என்று உங்களைப் போலவே அதட்டினேன். கொஞ்சம் கூடுதலாகவே.

அப்போதுதான் செல்லம், இத்தனை நாள் வாயே திறக்காதவள், பேசினாள். "மை சன் இஸ் சோக்கிங். ப்ளீஸ் கம்."

கிழங்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், ஆஸ்பத்திரியில், பிள்ளைக்கு மூச்சு அடைத்தபோது வெள்ளைக்கார நர்சிடம் சொல்லத் தெரியாமல் போனதாம். தமிழில் கத்தியிருக்கிறாள். வரிசையில் உட்காரச் சொல்லி நர்ஸ் கையைக் காட்டினாளாம். பிள்ளை மடியிலேயே போய்விட்டான். இந்த வாக்கியத்தை உங்களிடம் தனியாகக் கேட்டுக் கற்றுக்கொண்டாளாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே அண்ணி?

பாக்கியம் அக்கா எழுந்து ஜன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து செல்லத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் அதைச் சொல்லிக் குடு. மெதுவா சொல்லு."

வகுப்பு நிற்காது அண்ணி. எவன் வந்தாலும் நிற்காது. இந்தத் தெருவில் இனி ஒரு தாய்கூட ஆஸ்பத்திரியில் வாயடைத்து நிற்க விடமாட்டேன்.

உங்கள் நாத்தனார்,
கோமதி