இடப்பக்கப் பின்கதவின் பட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், அப்பா நலம், கார் எங்கள் இருவரையும்விட நலம். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போதெல்லாம் உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான்.

கார் என்னைவிட நான்கு வயது மூத்தது என்பது உனக்குத் தெரியும். ஆனால் அதைத் துடைப்பதற்கு மட்டும் வீட்டிலேயே மிருதுவான துணி வேண்டுமாம், என் பழைய பருத்திப் புடவை இரண்டு அப்படித்தான் போயின. சாப்பாட்டு மேசையில் போர்வையை விரித்துக் கைப்பிடி, விளக்கு வளையம், ஜன்னல் ரப்பர், கிளிப் என்று பரப்பி வைத்திருக்கிறார், நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். காரைப் பழையபடி புதுசாக்குகிறேன் என்று உன் அப்பா ஆரம்பித்த இந்த மூன்று வருடத்தில் காணாமல்போன பாகம் எல்லாம் கிடைத்துவிட்டது, இடப்பக்கப் பின்கதவில் ஓடும் வெள்ளிநிறப் பட்டை ஒன்றைத் தவிர. அதற்காகப் பழைய சாமான் கடைகளையெல்லாம் சலித்தார், முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டார். ஒரு புண்ணியவான் வலப்பக்கத்துப் பட்டையை அனுப்பி வைத்தார். திருப்பி மாட்டினால் இடப்பக்கம் ஆகிவிடாதா என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதன் பிறகுதான் முடிவெட்டிக்கொள்ளும் பழக்கம் ஆரம்பமானது. உன் அப்பாவின் தலையில் மிச்சம் இருப்பது காதுக்கு மேலே இரண்டு கீற்று. அதை வெட்ட வாரம் தவறாமல் தெருமுனை சலூனுக்குப் போனார், நான்கு மாதம். கல்யாணமான புதிதில்கூட இந்த மனிதர் இப்படி அலங்காரம் செய்துகொண்டதில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, ஒருநாள் அவர் தூங்கும்போது நானே சலூனுக்குப் போய்க் கேட்டேன். சலூன்காரர் பாவம், நொந்துபோய்விட்டார். “வெட்ட என்னம்மா இருக்கு? கத்தரிக்கோலைக் காத்துல ஆட்டி அனுப்பி வைக்கறேன். ஒருநாள் இந்தப் பலகை ஓரத்தைத் தடவிட்டே இருந்தாரு. கண்ணால பாக்கலம்மா, விரலாலதான். அதுலேர்ந்து வந்து உக்காந்ததும் கை அங்கதான் போகுது. என்னனு கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு” என்றார். குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே சீப்பு வைக்கும் பலகையின் விளிம்பில், யாரோ எப்போதோ திருகாணி போட்டு முடுக்கிய அந்தப் பட்டை. மூன்று வருடம் அதன் ஜோடியோடு குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? விஷயத்தைச் சொன்னதும் அவர், “இதுக்கா இத்தனை நாளு? ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே” என்று இரண்டு நிமிடத்தில் கழற்றித் துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

ராஜ்யத்தை ஜெயித்தவள் மாதிரி வீட்டுக்கு வந்து அதை நீட்டினேன். உன் அப்பாவின் முகம் செத்துவிட்டது. “யாரு உன்னைப் போய்க் கேக்கச் சொன்னா?” என்று ஒரு கத்தல். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் சலூன்காரர் சொன்னது மனதில் உறுத்த ஆரம்பித்தது, கண்ணால் பார்க்கவில்லை, விரலால்தான் என்றாரே. அன்றிலிருந்து கவனித்தேன். பட்டையைத் தேய்க்கும்போது உன் அப்பா அதைப் பார்ப்பதே இல்லை. முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு, விரல் நுனியால்தான் கீறலைத் தேடுகிறார். உப்புத்தாள் வைக்கும் பெட்டியைத் துழாவினேன், அடியில் கண் டாக்டரின் சீட்டு இருந்தது. இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை மங்கிக்கொண்டு வருகிறது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று எழுதி எட்டு மாதம் ஆகியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டை கிடைக்காதவரை கார் வேலை முடியாது, வேலை முடியாதவரை எங்கே ஓட்டிக் காட்டுங்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கைக்கு எட்டிய பட்டையை அந்த மனிதர் நான்கு மாதம் தடவிப் பார்த்துவிட்டு மட்டும் வந்திருக்கிறார். நான் பெரிய கெட்டிக்காரியாக அதைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அழுதேன் என்று சொன்னால் நீ கவலைப்படுவாய், அதனால் அழவில்லை என்றே வைத்துக்கொள். மறுநாளே முழங்கால் வலிக்குப் பயிற்சி என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், என்னோடு வரும்போதெல்லாம் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தாள். உன் அப்பாவும் ஒரு முழப் பட்டையை இரண்டு மாதம் தேய்த்தார். ஒரே வீட்டில் இரண்டு பொய்யர்கள், காலையில் ஒருவருக்கொருவர் காபி கொடுத்துக்கொண்டு. நான் மூன்றாவது தடவையாகத் தேர்வுக்குப் போய் உரிமம் வாங்கிய வாரம், தேய்க்க இனி ஒன்றும் இல்லை என்று ஆகி, அவர் பட்டையை மாட்டினார். கூட்டமே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு வக்கீல் ஒரு சுற்று போகலாமே சார் என்று ஆரம்பித்துவிட்டார். உன் அப்பா சாவியோடு ஓட்டுநர் பக்கம் போய்க் கதவைத் திறந்தார், உட்காரவில்லை, கூரையில் கையை வைத்தபடி நின்றார். பிறகு யாரையும் பார்க்காமல், “இன்னிக்கு முதுகு சரியில்ல, வேற யாராவது எடுத்தா பரவாயில்ல” என்றார். நான் போய் அவர் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எத்தனை நாளாக என்று அவர் என்னைக் கேட்கவில்லை, நானும் அவரைக் கேட்கவில்லை. வண்டி இரண்டு தடவை நின்றது. “கிளட்சை மெதுவா விடு, அது என்ன கிரைண்டரா?” என்று அவர் திட்டியபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

போனில் அவர் கண்ணைப் பற்றிக் கேட்டுவிடாதே, அவராகச் சொல்லும்வரை பொறு. காரைப் பற்றிக் கேள், ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு கேள். நீயும் வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டிக்கொள், தள்ளிப்போடாதே. குட்டிக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். ஊருக்கு வரும் தேதியை முன்கூட்டியே எழுது, நான்தான் கார் எடுத்துக்கொண்டு வருவேன். நீங்கள் பின்னால்தான் உட்கார வேண்டும், முன்சீட்டில் உன் அப்பா.

இப்படிக்கு,
உன் அம்மா